வீட்டில் வார்த்த ஈய ஜிக்குக்குப் பெயிண்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலிருந்து ராமேசுவரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் பொருட்படுத்தாமல் சனிக்கிழமை இரவே தூண்டில் கம்புகளைக் கட்டிக்கொண்டு பாம்பன், தொண்டி, தூத்துக்குடி என்று கிளம்பிவிடுகிறவர்கள் நம் ஊரில் பெருகிவிட்டார்கள். மீன் வடிவில் வார்த்த உலோக இரையான ஜிக்கைக் கடலடி வரை இறக்கி, சுண்டிச் சுண்டி மேலே இழுத்துப் பாரையையும் சீலாவையும் பிடிக்கும் முறைதான் இவர்களில் பலருக்குப் பிடித்தது. பாறையில் சிக்கி ஒரே நாளில் நான்கைந்து ஜிக் அறுந்துபோனால் பர்ஸ் தாங்காது. அதனால் வீட்டிலேயே ஈயம் உருக்கி வார்க்கிறார்கள். வார்ப்பு நன்றாக வந்துவிடுகிறது. பெயிண்ட்தான் ஒரு மீனுக்கு மேல் நிற்பதில்லை. என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவையே.

அடித்த பெயிண்ட் ஏன் ஏடு ஏடாக உரிந்துவிடுகிறது?

பெயிண்டைக் குறை சொல்வதற்கு முன் ஈயத்தைப் பாருங்கள். அச்சிலிருந்து எடுத்த ஜிக் பளிச்சென்று மின்னும். தொட்டால் வழுக்கும். பெயிண்ட் பற்றிக்கொள்ள அதில் ஒரு கீறல்கூட இருக்காது. ஈயம் அச்சில் ஒட்டாமல் இருக்க நாம் பிடித்த மெழுகுவர்த்திக் கரியோ, தூவிய டால்கம் பவுடரோ மெல்லிய படலமாக அதன்மேல் தங்கியிருக்கும். நாள் ஆக ஆகக் காற்றுப்பட்டு மேற்பரப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். அது ஈய ஆக்சைடு. ஈரமான மூலையில் மாதக்கணக்கில் கிடந்தால் வெள்ளைப் பொடி பூக்கும்; அது ஈயக் கார்பனேட். நீங்கள் அடிக்கும் பெயிண்ட் ஈயத்தின்மேல் உட்காருவதில்லை. கரியின்மேலும் பொடியின்மேலும்தான் உட்காருகிறது. அவை பெயர்ந்தால் பெயிண்டும் கூடவே பெயரும்.

விளிம்பிலும் கோளாறு உண்டு. ஜிக்கின் முதுகிலும் வயிற்றிலும் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு கூராக ஓடும். ஈரமான பெயிண்ட் கூர்மையான இடத்தில் நிற்காது. பரப்பு இழுவிசை அதை இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ள, விளிம்பில் மிக மெல்லிய படலமே மிஞ்சும். அடிபட்ட எந்த ஜிக்கை எடுத்துப் பார்த்தாலும் ஈயம் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தக் கோட்டில்தான்.

ஈயத்தின் மென்மையும் ஒரு காரணம். பாறையில் மோதியதும் ஈயம் உள்ளே குழிகிறது. மேலே இறுகியிருக்கும், நிறமில்லாத கடைசிப் பூச்சான கிளியர் கோட்டுக்குக் குழியத் தெரியாது, விரிசல் விடுகிறது. ஆன்டிமணி கலந்த ஈயம் இன்னும் கடினமாக இருக்கும். கார் சக்கரத்தை பேலன்ஸ் செய்ய ஒட்டும் பழைய ஈயக் கட்டைகளில் அது கலந்திருப்பதுண்டு. அந்தக் கட்டைகளோடு துத்தநாகமும் இரும்பும் கலந்தே வரும் என்பதால் கத்தி முனையால் கீறிப் பார்த்துப் பிரியுங்கள். ஈயம் எளிதில் கீறும். பழைய பேட்டரியை மட்டும் எந்த நிலையிலும் உடைக்காதீர்கள். அதில் இருக்கும் அமிலமும் ஈயத்தூசியும் வீட்டில் வைத்துக் கையாளக் கூடியவை அல்ல.

பெயிண்டுக்கு முன் என்னென்ன செய்யவேண்டும்?

முக்கால்வாசி வேலை இங்கேதான் இருக்கிறது. இதற்குச் செலவிடும் நேரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் வர்ணத்தில் எவ்வளவு பணம் போட்டாலும் பலனில்லை.

ஈரத்துணியை விரித்து அதன்மேல் ஜிக்கை வைத்து, அச்சுக்கோட்டை அரத்தால் உருட்டி மழுக்குங்கள். விரலை ஓட்டினால் கோடு தட்டுப்படக் கூடாது. பிறகு வேறெதற்கும் பயன்படுத்தாத பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து, ஜிக்கைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரால் தேயுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூசி பறந்து மூச்சில் போகும். அது வேண்டவே வேண்டாம். பளபளப்பு முழுவதும் போய், எல்லா இடமும் ஒரே சீராக மங்கித் தெரியவேண்டும். கண் வரும் குழியிலும் வால் மடிப்பிலும் பளபளப்பு ஒளிந்திருக்கும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

அடுத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய ஜிக்கைத் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரள்கிறதா? எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. மெல்லிய படலமாக முழுவதும் பரவி வழிகிறதா? சுத்தமாகிவிட்டது. இந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை, ஆனால் பலர் செய்வதில்லை. காய்ந்ததும் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் ஒருமுறை துடையுங்கள். அதன்பின் வெறும் விரல் படக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஜிக்கின் முனையில் இருக்கும் கம்பி வளையங்களில் குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் டெஃப்ளான் டேப்பைச் சுற்றிவிட்டால் பின்னால் ஊசியால் குத்திப் பெயிண்டைச் சுரண்டும் வேலை மிச்சம்.

அன்றைக்கே பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் வரும் பிடிப்புப் பூச்சு, அடித்துவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று வைத்தால் ஈயம் மறுபடி மங்கத் தொடங்கிவிடும்.

பேசின் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். தெளியவிட்டு, அடியில் தங்கும் சாம்பல் வண்டலைப் பழைய செய்தித்தாளால் துடைத்துப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தனியே வையுங்கள்.

வினிகரில் ஊறவைத்தால் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே?

பிடிக்கும். ஆனாலும் செய்யாதீர்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் ஈயத்தோடு சேர்ந்தால் ஈய அசிட்டேட் உண்டாகிறது. அது தண்ணீரில் எளிதில் கரையும், நஞ்சு. வாட்டர் பேப்பரால் தேய்த்துக் கிடைக்கும் அதே பிடிப்புக்காக வீட்டில் ஒரு கிண்ணம் விஷக் கரைசலை உண்டாக்குவானேன்?

கிரில் கேட்டுக்கு அடித்த ரெட் ஆக்சைடு பிரைமர் மீதி இருக்கிறது. அதையே அடிக்கலாமா?

அது இரும்புக்காகச் செய்யப்பட்டது. ஈயத்தில் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். கார் பெயிண்ட் விற்கும் கடைகளில் இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்சி பிரைமர் கேளுங்கள். சிறு அளவில் கிடைக்காவிட்டால் உலோகத்தை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் ஸ்ப்ரே டப்பா வாங்கலாம். கனமாக ஒரே பூச்சு அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு நல்லது. முதல் பூச்சை விளிம்புகளுக்கு மட்டும் கொடுத்து, பிறகு முழு ஜிக்குக்கும் கொடுத்தால் மேலே சொன்ன விளிம்புக் கோளாறு பாதி தீர்ந்துவிடும். பிரைமருக்குமேல் வெள்ளை அடியுங்கள். மஞ்சளும் இளஞ்சிவப்பும் சாம்பல் நிறத்தின்மேல் எடுபடாது, வெள்ளையின்மேல்தான் துலங்கும்.

பவுடர் கோட்டிங் வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். உலர்ந்த வர்ணப் பொடியைச் சூட்டில் உருக்கிப் படலமாக்குவதுதான் பவுடர் கோட்டிங். பிடிப்பிலும் உறுதியிலும் அதற்கு நிகர் வேறில்லை என்பது என் கருத்து. ஜிக்கைச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கி, பவுடரில் ஓரிரு நொடி முக்கி எடுப்பதுதான் முறை. எடுத்ததும் பவுடர் மணல் மணலாக நின்றால் சூடு போதவில்லை. அந்த நொடியே உருகித் தடிமனாக வழிந்தால் சூடு அதிகம். இரண்டுக்கும் நடுவில், மணல் மெதுவாகக் கரைந்து பளபளப்பாகும் பதம் ஒன்று உண்டு. அதைக் கண்ணால்தான் பழகவேண்டும். பிறகு ஓ.டி.ஜி. எனும் சிறு மின் அடுப்பில் தொங்கவிட்டு, பவுடர் டப்பாவில் போட்டிருக்கும் சூட்டில் வேகவிடுங்கள். பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடம். ஜிக் அந்தச் சூட்டை எட்டிய பிறகுதான் நேரத்தைக் கணக்கிடவேண்டும். அந்த அடுப்பில் அதற்குப் பிறகு கேக்கோ பிஸ்கட்டோ செய்யக் கூடாது.

ஈயம் உருகுவது 327 டிகிரியில் என்பதால் 200 டிகிரியில் அதற்கு ஆபத்தில்லை. ஆனால் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஈயத்தில் மின்கம்பி பற்றவைக்கும் சால்டர் கலந்திருந்தால் கதை வேறு. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் சேர்ந்த சால்டர் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். எந்த ஈயம் என்று தெரியாத வார்ப்பு இருந்தால், பவுடர் போடாமல் ஒன்றை மட்டும் அடுப்பில் வைத்துப் பாருங்கள். வால் தொய்யாமல் வந்தால் மற்றவற்றை வையுங்கள்.

அடுப்பு வாங்க மனமில்லை என்றால் கிரில், அலமாரி வேலை செய்யும் பவுடர் கோட்டிங் பட்டறையில் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் வெள்ளை அடிக்கும் நாளில் உங்கள் ஜிக்குகளையும் ஒரு கம்பியில் கோத்துக் கொடுத்தால், அடித்தள வெள்ளை பழுதில்லாமல் கிடைக்கும். மேல் நிறங்களை வீட்டில் அடித்துக்கொள்ளலாம்.

நெயில் பாலிஷ் போதாதா?

சின்ன ஜிக்குக்கும், புள்ளி வைப்பதற்கும் போதும். பளபளப்பு நிறங்கள் அதில் கிடைப்பதுபோல் வேறெதிலும் மலிவாகக் கிடைப்பதில்லை. ஆனால் மேலே கிளியர் கோட் இல்லாமல் கடலில் இறக்கினால் அன்றே போய்விடும்.

மீனுக்கு நிறம் தெரியுமா? எந்த நிறம் அடிப்பது?

தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுகிறது. ஆழம் கூடக் கூடச் சிவப்பு மங்கிக் கருமையாகும். பச்சையும் நீலமும்தான் அதிக ஆழம் வரை போகும். ஆனால் தொண்டிப் பக்கத்துப் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அங்கே நிறத்துக்கு இடமுண்டு, ஆனால் தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாள்களே அதிகம். கலங்கல் நாளில் வெள்ளை, இளஞ்சிவப்பு, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். தெளிந்த நாளில் வெள்ளி, நீலம். நான் கையாளும் கணக்கு இவ்வளவுதான். முதுகு இருட்டாகவும் வயிறு வெளுப்பாகவும் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாளை, நெத்திலி, காரல் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. சீலா துரத்துவது அவற்றைத்தான்.

செதில் வரிசை, வெள்ளிப் பளபளப்பு, கண் இவற்றை எப்படிக் கொண்டுவருவது?

செதிலுக்கு வலைத்துணி. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலோ, நகரின் துணிக்கடைகளிலோ நடன உடைக்கும் அலங்காரத்துக்கும் வாங்கும் நெட் துணியில் கால் மீட்டர் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். பூண்டு கட்டிவரும் பிளாஸ்டிக் வலைப்பையும் உதவும், அதன் கண் பெரியது, பெரிய ஜிக்குக்குப் பொருந்தும். வெள்ளி நிற அடித்தளம் முழுதாகக் காய்ந்தபின், துணியை ஜிக்கின்மேல் சுருக்கமில்லாமல் இழுத்துப் போர்த்தி வயிற்றுப் பக்கம் துணி கிளிப்பால் கவ்வுங்கள். ஒரு சாண் தூரத்திலிருந்து முதுகுப் பக்கமாக நீலமோ பச்சையோ ஒரே வீச்சில் லேசாக அடியுங்கள். நனையும் அளவுக்கு அடித்தால் நூலுக்கு அடியில் பெயிண்ட் ஊறி வரிசை அழிந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்துக் கிளிப்பை எடுத்து, துணியை நகர்த்தாமல் நேராக மேலே தூக்குங்கள். துணியின் நூல் இருந்த இடத்தில் வெள்ளி வலையும், நடுநடுவே நீலச் செதிலும் நிற்கும்.

சாளைக்குப் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் புள்ளி வரிசை வேண்டும் என்பவர்கள் ஆணித் தலையைப் பெயிண்டில் தொட்டு வைக்கலாம். மார்க்கர் பேனாவால் வைத்தால், தின்னர் கலந்த கிளியர் பட்டதும் கரைந்து ஓடும்.

பளபளப்புக்குப் பின்பக்கம் பசையுள்ள ஹோலோகிராம் தாள் ஒட்டலாம். ஜிக்கைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, நடுவில் ஒட்டி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரத்தை வெட்டியபின் அந்த வெட்டுக்கோட்டின்மேல் கிளியர் நன்றாக ஏறவேண்டும். தாள் தூக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

கண்ணுக்கு மீன்பிடிக் கடைகளில் 3, 4, 5 மில்லிமீட்டர் ஒட்டுக் கண்கள் கிடைக்கும். பேன்சி கடையில் விற்கும் பளபளப்பான பிளாஸ்டிக் ஸ்டிக்கர் பொட்டும் அருமையாக அமையும், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் போதும். வெல்வெட் பொட்டு வேண்டாம், மேலே பூசும் கிளியரை உறிஞ்சி அழுக்காகிவிடும். மீன்கள் கண்ணைப் பார்த்துத் தாக்குகின்றன என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை. நானும் கண் இல்லாத ஜிக்கைக் கட்டுவதில்லை.

இருட்டில் ஒளிரும் பவுடரைப் பெயிண்டில் கலந்தேன், ஒளியே இல்லை. ஏன்?

பெரும்பாலும் தண்ணீரில் கரையும் பெயிண்டில் கலந்திருப்பீர்கள். இப்போது விற்கும் நல்ல ஒளிரும் பவுடர் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். ஈரம் பட்டால் அது கெட்டுப்போகும். எபாக்சியிலோ தின்னர் வகைக் கிளியரிலோ கலக்கவேண்டும். துகள் கனமானது, அடியில் தங்கிவிடும். தொட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் கிளறுங்கள். அடியில் வெள்ளை இருப்பது கட்டாயம். பச்சை ஒளிதான் அதிக நேரம் பிரகாசமாக நிற்கிறது.

கடைசிக் கிளியர் கோட்டுக்கு எது நல்லது?

பாரையின் வாயும் சீலாவின் பல்லும் படப்போகும் மேல்தோல் இதுதான். நான் பரிந்துரைப்பது இரண்டு பாக எபாக்சி. டப்பாவில் அளவு கனஅளவா எடையா என்று படித்துப் பாருங்கள். இரண்டு பாகமும் ஒரே கனம் அல்ல, ஒன்றுக்கு ஒன்று என்று கனஅளவில் சொன்னதைத் தராசில் நிறுத்தால் விகிதம் தவறிவிடும். இரண்டு மூன்று நிமிடம் நிதானமாக, ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். பூசியபின் ஜிக் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கவேண்டும், இல்லையேல் அடிப்பக்கம் சொட்டு நிற்கும். பழுதான மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். மோட்டாரின்மேல் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து இணைப்புக் கொடுங்கள்.

நம் ஊர் வெயிலை மறக்காதீர்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பலரும் அப்போதுதான் ஜிக் வேலையை எடுக்கிறார்கள், அதுவே கத்திரி வெயில் காலமும். சூடு 10 டிகிரி கூடினால் எபாக்சி கையில் நிற்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் என்று போட்டிருந்தால், மே மாத மதியத்தில் பத்து நிமிடம்கூட நிச்சயமில்லை. விடியற்காலையில் செய்யுங்கள். நாலைந்து ஜிக்குக்கு மட்டும் கலந்து, கிண்ணத்தில் குவித்து வைக்காமல் தட்டில் பரப்பி வையுங்கள். ஐப்பசி மழையில் வேறு தொல்லை: ஈரக்காற்றில் எபாக்சியின்மேல் பிசுபிசுப்பான படலம் படியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும், அதைக் கழுவாமல் அடுத்த பூச்சுக் கொடுக்காதீர்கள். ஆடிக் காற்றில் மொட்டைமாடிப் பக்கமே போகாதீர்கள். ஈரக் கிளியரில் ஒட்டிய புழுதியை எடுக்க வழியில்லை.

புற ஊதா ஒளி பட்டு இறுகும் யு.வி. ரெசின் வேகமானது. நிழலில் பூசி, வெயிலில் காட்டித் திருப்பினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். மேலே லேசான ஒட்டல் இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். கெட்டியாகப் பூசினால் உள்ளே வேகாமல் நிற்கும்.

கார்களுக்கு அடிக்கும், இரண்டு பாகமாகக் கலக்கும் 2கே கிளியர் மிக நன்றாக இருக்கும். ஆனால் அதை இறுகவைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. துணி முகக்கவசம் அதற்குத் தடையாகாது, நுரையீரலைக் கெடுக்கும். அதற்குரிய கவசமும் அறையும் உள்ள டிங்கரிங் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

கிளியர் அடித்ததும் கீழே இருந்த பெயிண்ட் சுருங்கிவிட்டது.

கீழே மெதுவாகக் காயும் எண்ணெய் வகை எனாமல், மேலே தின்னர் நிறைந்து வேகமாகக் காயும் லேக்கர். அதுதான் காரணம். லேக்கரின்மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலின்மேல் லேக்கர் கூடாது. வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் எனாமலுக்கு ஒரு முழு நாளாவது கொடுங்கள். மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாடை வரும்வரை அது காயவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ரப்பர் புழு, ரப்பர் மீன் வகை மென்மையான இரைகளோடு பெயிண்ட் அடித்த ஜிக்கை ஒரே பெட்டி அறையில் போடாதீர்கள். அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் பெயிண்டை இளக்கி ஒட்டவைத்துவிடும்.

என் பையனுக்கு ஏழு வயது. அவனும் வர்ணம் அடிக்க ஆசைப்படுகிறான். விடலாமா?

உருக்கும்போதும் தேய்க்கும்போதும் அவன் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இதே விதி. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பொருள் அது. ஆசையைத் தடுக்கவேண்டாம், ஜிக் வடிவில் மரத்துண்டு செதுக்கிக் கொடுத்து அதில் வரையச் சொல்லுங்கள். அவன் வரைந்த கோலத்தைப் பார்த்து உங்கள் ஜிக்கில் நீங்கள் அடிக்கலாம்.

நீங்களும் வேலை முடியும்வரை எதையும் தின்னாதீர்கள், குடிக்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். நல்ல பூச்சுள்ள ஜிக்கைப் பிடித்தால் ஈயம் கையில் ஒட்டாது. பெயிண்ட் வேலையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈயத்தை விட்டுவிட்டு வெள்ளீயத்தில் வார்க்கலாமா?

கண்மாய்க்கும் அணைக்கும் சிறு ஜிக் செய்கிறவர்கள் அதைத்தான் செய்யவேண்டும் என்பேன். அறுந்து விழும் ஈயம் மாடும் கொக்கும் புழங்கும் தண்ணீரிலேயே கிடக்கும். பறவைகள் ஈயக் குண்டை விழுங்கிச் செத்ததால்தான் பிரிட்டனில் 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயத் தூண்டில் எடைகளுக்கு 1987-லேயே தடை வந்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், பெயிண்டும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் விலை அதிகம், கனம் குறைவு. 40 கிராம் ஈய அச்சில் ஏறத்தாழ 26 கிராம் ஜிக்தான் வரும், மெதுவாக இறங்கும். பவுடர் கோட்டிங் போடுவதாக இருந்தால் 180 டிகிரியைத் தாண்டாதீர்கள். கண்மாயில் மீன் குத்தகை இருக்கும், கேட்டுவிட்டு இறங்குங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல்சார் தேசியப் பூங்காப் பகுதியில் எந்த ஜிக்கையும் இறக்கக் கூடாது.

பெயிண்ட் பெயர்ந்த ஜிக்கை மறுபடி அடிக்கமுடியுமா?

தாராளமாக. கடலிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தூண்டில் முள்ளையும் அதை மாட்டும் ஸ்பிளிட் ரிங் வளையத்தையும் கழற்றுங்கள். பெயர்ந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். உறுதியாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்தில் தேய்த்து, பிரைமர் தொட்டு, நிறம் வைத்து, முழு ஜிக்குக்கும் ஒரு பூச்சு எபாக்சி கொடுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு வந்தால் உள்ளே உப்பு போயிருக்கிறது, ஒட்டுப்போட்டுப் பயனில்லை. அதைத் திரும்ப உருக்கவும் கூடாது, பெயிண்டோடு உருக்கினால் புகை கெடுதல். பெயிண்ட் ரிமூவர் தடவிப் பழைய பூச்சு முழுவதையும் வழித்தெடுத்து, பேசினிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.